இடித்தலுக்கும் இமாராவுக்கும் இடையே: சென்னை பாரத் கட்டடத்தின் வரலாறு

அரபு மொழியில் 'அய்ன், மீம், ரா' என்னும் மூன்றெழுத்துகளை வேராகக் கொண்டு பிறக்கும் சொற்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 'உம்ரு' என்பது வாழ்நாள். 'இமாரா' என்பது கட்டடம்; கட்டியதைச் செப்பனிட்டுப் பேணுவதையும் அதே சொல் குறிக்கும். 'மிஃமார்' என்பவர் கட்டடக் கலைஞர். 'உம்ரான்' என்பது மக்கள் கூடி வாழ்ந்து வளர்க்கும் நாகரிகம். ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், சமூகத்தை ஆராயும் தம் புதிய கலைக்கு இந்த 'உம்ரான்' என்னும் சொல்லையே பெயராக்கினார். பள்ளிவாசல்களை 'இமாரா' செய்வோர் யாவர் என்று கூறும் அத்தவ்பா அத்தியாயத்தின் 18ஆம் வசனத்திற்கு விளக்கம் எழுதிய விரிவுரையாளர்கள், கட்டுதலையும் பழுது நீக்குதலையும் மட்டுமன்றி, வழிபாட்டால் அவ்விடத்தை உயிர்ப்புடன் வைத்திருப்பதையும் அச்சொல் உள்ளடக்கும் என்பர்.

ஆக, கட்டுதல், பேணுதல், குடியிருத்தல் ஆகிய மூன்றும் ஒரே வேரின் கிளைகள். இம்மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்டால் ஒரு கட்டடத்திற்கு என்ன நேரும்? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தார் அலுவல் நிமித்தமாகவும் மருத்துவத்திற்காகவும் அடிக்கடி சென்றுவரும் சென்னை மாநகரின் அண்ணா சாலையில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வந்து சேரும் முனையில் அதற்கொரு சான்று நிற்கிறது. 'பாரத் கட்டடம்' என்றும் 'பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்' என்றும் அறியப்படும் அதன் முதற்பெயர் 'கார்டில் கட்டடம்' என்பதாகும்.

மருந்து வணிகரின் மாளிகை

புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலை நோக்கிச் செல்லும் மவுண்ட் ரோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையின் தலையாய கடைவீதியாக உருவெடுத்தது. 1844இல் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, கடிகாரத்திற்கும் நகைக்கும் பெயர் பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ், பல்பொருள் அங்காடியான ஸ்பென்சர் ஆகியவை இச்சாலையில்தான் புகழடைந்தன. வணிக நிறுவனங்கள் தத்தம் செல்வாக்கைக் கட்டடங்களின் வாயிலாகவே பறைசாற்றிக் கொண்ட காலம் அது.

அந்தப் போட்டியில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர் டபிள்யூ. இ. ஸ்மித். மருந்தாளுநரான அவர் உதகையில் தொழில் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்கு வந்து, மருந்துகளும் அறுவை மருத்துவக் கருவிகளும் விற்கும் நிறுவனத்தை வளர்த்தார். அந்நிறுவனத்திற்காக 1897இல் எழுப்பப்பட்டதே கார்டில் கட்டடம். விக்டோரியா அரசியார் பட்டமேற்று அறுபதாண்டுகள் நிறைவுற்ற விழா கொண்டாடப்பட்ட ஆண்டும் அதுவே.

கட்டடத்தை வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். சென்னை உயர் நீதிமன்ற மாளிகையின் வரலாற்றைப் படித்தோர் இப்பெயரை அறிந்திருப்பர். ஜே. டபிள்யூ. பிராசிங்டன் முதல் வரைபடம் தீட்ட, ஹென்றி இர்வின் பொறுப்பேற்று 1892இல் நிறைவு செய்த அந்தப் பெரும்பணியில் இர்வினுக்குத் துணை நின்றவர் இந்த ஸ்டீபன்ஸே. நீதிமன்றப் பணி முடிந்த ஐந்தாண்டுகளில், அங்கு கையாண்ட குவிமாடம், கூர்முனைக் கோபுரம், வளைவு ஆகிய அதே கூறுகளைக் கொண்டு ஒரு வணிக மாளிகையை அவர் உருவாக்கினார். நீதி வழங்குவதற்கென எழுந்த மாளிகையின் மொழியை மருந்துக் கடை ஒன்று பேசத் தொடங்கியது எனலாம். இவ்விரு கட்டடங்களின் உறவு அத்துடன் முடியவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

'சாரசன்' என்னும் சொல்

இக்கட்டடப் பாணியை ஆங்கிலேயர் 'இந்தோ சாரசனிக்' என்றழைத்தனர். நம் வாசகர்கள் சற்று நின்று ஆராய வேண்டிய பெயர் இது. 'சாரசன்' என்று எந்த முஸ்லிமும் தன்னை அழைத்துக் கொண்டதில்லை. இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே, சினாய்ப் பகுதியையும் அரேபியாவின் வடபகுதியையும் சார்ந்த பாலைவனக் குலங்களைக் குறிக்கக் கிரேக்க, இலத்தீன் நூலோர் வழங்கிய சொல் அது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமியின் நிலநூலிலேயே அது இடம்பெறுகிறது. கிழக்கைக் குறிக்கும் 'ஷர்க்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. திருட்டைக் குறிக்கும் 'ஸரிக்கா' என்பதோடு தொடர்புபடுத்துவது வேறொரு கருத்து. இப்ராஹீம் நபியின் துணைவியார் சாராவின் பெயரோடு இணைத்துக் கிறித்தவ ஆசிரியர்கள் சிலர் கற்பித்த விளக்கமும் உண்டு. சிலுவைப் போர்க் காலத்தில் இச்சொல் முஸ்லிம்கள் அனைவரையும் குறிப்பதாக விரிந்தது. பின்னர், பகைமையின் கூர்மை மழுங்கி, கட்டடக் கலை நூல்களில் ஒரு பாணியின் பெயராகத் தங்கிவிட்டது.

பெயர் அயலாருடையது, ஆயினும் பொருள் நம் நாட்டு மரபிலிருந்து எடுத்தது. நீதிமன்றத்திலும் செனட் இல்லத்திலும் இரயில் நிலையங்களிலும் நாம் காணும் குவிமாடங்கள், சத்திரிகள், சாளரப் பின்னல்கள், வெயிலும் மழையும் தடுக்கும் நீண்ட இறவாணங்கள் ஆகியவை முகலாய, தக்காணக் கட்டடங்களிலிருந்தும் இராஜபுத்திர அரண்மனைகளிலிருந்தும் திரட்டப்பட்டவை. 'குப்பா' என்னும் குவிமாடமும், ஒளியைக் குறிக்கும் 'நூர்' என்பதன் வேரிலிருந்து பிறந்த 'மனாரா'வும் அரபுச் சொற்களோடு இந்நாட்டிற்கு வந்து, இந்நாட்டுக் கொத்தர்களின் கைகளில் புதுவடிவம் பெற்றவை.

சென்னையைப் பொறுத்தவரை இப்பாணிக்கு நெருங்கிய முன்னுதாரணமும் இருந்தது. கர்நாடக நவாப் முஹம்மது அலீ வாலாஜாவுக்காக 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையைப் பலரும் இப்பாணியின் முன்னோடியாகக் கருதுவர். 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் மறைந்தபின் நவாப் பதவி ஒழிக்கப்பட்டது. அரண்மனை அரசின் கைக்குச் சென்றது. ராபர்ட் சிஷம் அதன் கலஸ் மஹாலுக்கும் ஹுமாயூன் மஹாலுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். அதன்பின் சில பத்தாண்டுகளில் இப்பாணி சென்னையின் அரசுக் கட்டடங்களுக்குரிய பாணியாயிற்று. இறுதியில் வணிகர்களும் அதனை விரும்பினர். ஆட்சியை இழந்தோரின் கலை, ஆட்சியைப் பிடித்தோரின் அணிகலனாயிற்று. இதில் வருத்தமும் உண்டு, பெருமிதமும் உண்டு. இரண்டையும் ஒருங்கே உணர்பவரே இக்கட்டடங்களைச் சரியாகப் படிக்க முடியும்.

கைமாறிய வரலாறு

1920களில் ஸ்மித்தின் நிறுவனம் ஸ்பென்சரின் வசமாயிற்று. 1930களில் கார்டில் கட்டடம் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் உடைமையாகி, 'பாரத் கட்டடம்' என்னும் பெயரைப் பெற்றது. லாகூரில் 1896இல் லாலா ஹர்கிஷன் லால் நிறுவிய இந்தியக் காப்பீட்டு நிறுவனம் அது. ஆங்கிலேய வணிகரின் மாளிகை, சுதேசி முதலீட்டின் அடையாளமாக மாறியது. காப்பீட்டின் சட்ட நிலை குறித்து ஃபிக்ஹு அறிஞர்களிடையே நிலவும் விவாதம் தனி ஆய்வுக்குரியது. ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது கட்டடத்தின் வரலாறு மட்டுமே.

1936இல் அந்நிறுவனம் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மக்கள் காப்பீட்டிற்காகச் செலுத்திய நிதியிலிருந்து இரண்டு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை முறைகேடாகக் கையாளப்பட்ட செய்தி பின்னாளில் வெளிவந்தது. 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். டால்மியா குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 1962இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசுடைமையாக்குவதற்குத் தூண்டுகோலாக அமைந்த நிகழ்ச்சிகளுள் இது முதன்மையானது. 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் 245 நிறுவனங்களின் தொழிலை ஏற்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. பாரத் கட்டடமும் அக்கழகத்தின் உடைமையாயிற்று.

இங்கே ஒரு முரண் கருதத் தக்கது. அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பணம் பேணப்படவில்லை என்பதால்தான் காப்பீடு பொதுவுடைமை ஆயிற்று. அந்தப் பொதுவுடைமையோடு சேர்ந்து வந்த கட்டடமும் ஓர் அமானிதமே. ஆனால் அதே அண்ணா சாலையில் 1959இல் கழகத்தின் பதினான்கு மாடிக் கட்டடம் திறக்கப்பட்டு, நாட்டின் மிக உயரமான கட்டடம் என்னும் புகழுடன் நின்றபின், மக்களின் கண்களெல்லாம் அதன்மீதே பதிந்தன. அருகிலிருந்த மூத்தது மெல்ல மறக்கப்பட்டது.

இடிப்பும் வழக்கும்

2006இல் பாரத் கட்டடத்தை இடிக்கும் பணி தொடங்கியது. இந்தியக் கலை, பண்பாட்டு மரபுக்கான தேசிய அறக்கட்டளையான இன்டாக் உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றது. அதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சிதைந்துவிட்டிருந்தது.

வழக்கின் மையமாக அமைந்தது ஒரு பட்டியல். நகரின் விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் அமைக்கப்பட்ட நீதிபதி இ. பத்மநாபன் குழு, பலகைகளால் மறைக்கப்படக் கூடாத வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்கள் 467 எனக் கணக்கிட்டுத் தொகுத்திருந்தது. அதில் பாரத் கட்டடமும் ஒன்று. விளம்பரப் பலகைக்காகத் தொகுத்த பட்டியல், இடிப்பைத் தடுக்க எவ்வாறு செல்லும் என்னும் கேள்வி எழுந்தது. பலகை வைத்து மறைக்கக் கூடாத ஒரு கட்டடத்தை, அடியோடு இல்லாமல் ஆக்குவது மட்டும் தகுமா என்று எண்ணிப் பார்த்தால் விடை எளிது. 2010 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், கட்டடத்தை இடிக்கக் கூடாதெனத் தீர்ப்பளித்தது. பாரம்பரியக் கட்டடங்களைப் பேண ஒரு குழு அமைய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

ஸ்டீபன்ஸ் முன்னர் உழைத்து எழுப்பிய நீதிமன்ற மாளிகையில் அமர்ந்தே, அவர் பின்னர் எழுப்பிய மாளிகையின் உயிரை நீதிபதிகள் காத்தனர். வரலாறு சில வேளைகளில் இத்தகைய கைம்மாறுகளைச் செய்கிறது.

ஆயினும் அந்த மகிழ்ச்சி நிறைவடையவில்லை. தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் கடந்த பின்னரும் கூரை திறந்து, சுவர்களில் செடி முளைத்து, ஆளரவமின்றிப் பாழ்நிலையிலேயே கட்டடம் நின்றது. இடிக்கும் கருவி நின்றது, மழை நிற்கவில்லை.

பாழாவது எவ்வாறு?

இத்தகைய கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அக்காலச் சென்னைக் கட்டடங்களின் தளங்கள் பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் அமைந்தவை: தேக்கு மர விட்டங்களின்மீது சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு இட்டு இறுக்கிய தளம் அது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும். வெயில் பட்டதும் வெளிவிடும். அதற்குச் சிமெண்டுப் பூச்சு பூசினால் உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். மேற்றளத்தின் நீர்ப்போக்கி அடைபட்டால் விட்டத்தின் நுனி சுவருக்குள் இருந்தபடியே மட்கும். பறவை எச்சத்தோடு விழுந்த அரச விதை, இரண்டு மழைக்காலத்தில் வேர்விட்டுக் கற்களைப் பிளக்கும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவில் தடுக்க வேண்டியதன்று. ஆண்டுதோறும் மழைக்கு முன் நீர்ப்போக்கியைத் துப்புரவு செய்வதும், முளைத்த செடியை வேரோடு களைவதும், பெயர்ந்த சாந்தைச் சுண்ணாம்பாலேயே பூசுவதும் போதும். ஆனால் அதைச் செய்ய அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். மக்கள் புழங்கும் கட்டடத்தில் ஒழுகும் கூரை அன்றே தெரியும். பூட்டிய கட்டடத்தில் அது இடிந்து விழுந்த பிறகே தெரியும். குடியிருத்தலும் பேணுதலும் ஒரே வேர்ச்சொல்லில் அமைந்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

பட்டியல் செய்வதும் செய்யாததும்

கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறை இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டின் நகர ஊரகத் திட்டமிடல் சட்டத்தால் உறுதிபெற்றது. பட்டியலிலுள்ள கட்டடத்தை அனுமதியின்றி மாற்றுவதோ இடிப்பதோ அங்கே குற்றம். அத்துடன் அச்சட்டம் நிற்கவில்லை. உடைமையாளர் பழுது பார்க்காமல் விட்டால், உள்ளாட்சி மன்றமே அவசரப் பணிகளைச் செய்து செலவை அவரிடம் பெறலாம். தொடர்ந்து புறக்கணித்தால் கட்டடத்தைக் கையகப்படுத்தவும் வழியுண்டு என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

நம் நாட்டில் தேசியச் சின்னங்களுக்கென 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தொல்லியல் துறையும் உண்டு. செஞ்சிக் கோட்டை அவ்வாறு காக்கப்படுவது. தேசிங்கு ராஜனை 1714இல் வென்ற நவாப் சாதத்துல்லா கான், அதன்பின் சில ஆண்டுகளில் கோட்டைக்குள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்பதற்கு அப்பாதுகாப்பும் ஒரு காரணம். 2025 ஜூலையில் மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தொகுப்பின் உறுப்பாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. கோட்டைக்குக் காவலர் உண்டு, ஊழியர் உண்டு, ஆண்டு நிதி உண்டு.

நகரத்து வணிகக் கட்டடங்களின் நிலை வேறு. மும்பையில் 1995 முதல் பாரம்பரியக் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. தமிழகத்தில் 2012இல் மரபுரிமை ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது செயல் வடிவம் பெறப் பல்லாண்டுகள் ஆயின. அவ்வாண்டு ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால் தீக்கிரையாகித் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்நீத்தார். பிறகு அது பொதுப்பணித் துறையால் பழைய முறைப்படியே செப்பனிடப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமரும் இடமாயிற்று. எரிந்த கட்டடத்தைக்கூட மீட்டெடுக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. செய்யும் கையும், அங்கே புழங்கும் பயனும் இருந்தமையால் அது கைகூடியது. மாறாக, அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் மாளிகை 1980களில் தீக்கிரையானபின் மீண்டு எழவில்லை. அவ்விடத்தில் வேறொரு கட்டடமே எழுந்தது.

வக்ஃபு கற்பிக்கும் வரிசை

பட்டியல் என்பது 'விற்காதே, இடிக்காதே' என்று கூறும் விலக்கல். நம் ஃபிக்ஹு நூல்களில் வக்ஃபு பற்றிய பாடமும் அத்தகைய விலக்கலோடுதான் தொடங்குகிறது: வக்ஃபு செய்த பொருளை விற்கலாகாது, அன்பளிப்பாக வழங்கலாகாது, வாரிசுரிமையாகப் பங்கிடலாகாது. ஆனால் சட்ட மேதைகள் அங்கே நிறுத்திக் கொள்ளவில்லை. வக்ஃபின் வருவாயிலிருந்து முதற்செலவு எதற்கு என்று கேட்டனர். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி தம் 'ஹிதாயா'வில் இதற்குத் தெளிவான விடை தருகிறார். முதற்செலவு இமாராவுக்கே, அதாவது பழுது நீக்கிப் பேணுவதற்கே. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை இட்டிருப்பினும் இடாவிடினும் அதுவே கடமை. பயனாளிகளின் பங்கு அதன் பின்னரே. காரணம் எளிது: பொருள் நிலைத்தாலன்றிப் பயன் நிலைக்காது.

வக்ஃபுக்கு முதவல்லி ஒருவர் இருப்பதும், வருவாய் வழி ஒன்று இருப்பதும், செலவில் முந்துரிமை வகுத்திருப்பதும் தற்செயலன்று. 'இடிக்காதே' என்னும் விலக்கலும் 'பேணு' என்னும் கட்டளையும் சேர்ந்தால்தான் காவல் முழுமையாகும். பாரத் கட்டடம் வக்ஃபு அன்று; அதன் உடைமையாளர் அரசு நிறுவனம். எனினும் இந்த ஒப்பீடு அதன் நோயைத் துல்லியமாகக் காட்டுகிறது. அதற்கு விலக்கல் கிடைத்தது, இமாரா கிடைக்கவில்லை.

உடைமையாளரின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பழுதான கட்டடம் வழிப்போக்கர்மீது விழுந்தால் பொறுப்பு அவருடையது. நகர நடுவில் விலைமதிப்பற்ற மனை பயனின்றிக் கிடக்க, செலவு மட்டும் தொடர்வது எளிய சுமையன்று. நம் சட்ட அறிஞர்களும் இச்சிக்கலை அறியாதவர்களல்லர். முற்றிலும் பயனற்றுப்போன வக்ஃபை வேறொன்றாக மாற்றும் 'இஸ்திப்தால்' குறித்து அவர்கள் விரிவாக விவாதித்தனர். ஆனால் ஒரு நிபந்தனையில் பலர் உறுதியாக இருந்தனர்: பயனற்றுப்போயிற்று என்பது உண்மையாக இருக்க வேண்டும், பராமரிக்காமல் விட்டுப் பயனற்றதாக்கிவிட்டு அதையே காரணம் காட்டலாகாது. ஆகவே கட்டடத்திற்குத் தக்க பயன் ஒன்றைத் தேடித் தருவதே அறிவுடைமை. நூலகமாகவோ, அருங்காட்சியகமாகவோ, அலுவலகமாகவோ அது மீண்டும் புழக்கத்திற்கு வந்தால், அதன் வாடகையே அதன் இமாராவுக்கு வழி செய்யும்.

நம்முன் உள்ள கேள்வி

அண்ணா சாலையின் கட்டடத்தைப் பற்றி எழுதும்போது, விரல் பிறரையே சுட்டிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் திராவிடக் கட்டடக் கலையைத் தழுவிக் கருங்கல்லால் எழுப்பிய பழம்பள்ளிகள் உள்ளன. உள்ளூர்ச் சிற்பிகளும் நம் முன்னோரும் கைகோத்துச் செய்த அவற்றைப் போன்றவை உலகில் வேறெங்கும் காண்பதரிது. அதே வேளையில், நூறாண்டு கண்ட சுண்ணாம்புச் சுவர்ப் பள்ளிகள் 'இடநெருக்கடி' என்னும் ஒரே சொல்லால் இடிக்கப்பட்டு, கற்றூண்களும் மரவேலைகளும் எங்கோ ஒரு மூலையில் குவிக்கப்படுவதையும் நாம் காண்கிறோம். இட நெருக்கடி மெய்யானதே; தொழுவோர் பெருகுவது நற்பேறே. ஆனால் பழையதை நிறுத்திக்கொண்டு அருகே விரிவாக்க இயலுமா என்று பொறியாளரிடம் கேட்கப்பட்டதா? இடிக்கும் முன் அளவெடுத்து, படமெடுத்து, கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டனவா? ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இமாரா முதல் வரியாக நிற்கிறதா, அல்லது எஞ்சியதில் பார்த்துக்கொள்ளலாம் என்று இறுதிக்குத் தள்ளப்படுகிறதா?

இக்கேள்விகளுக்கு நம் ஊர்களில் நேர்மையான விடை கிடைக்குமானால், சென்னையின் கட்டடத்தைக் குறித்தும் உரிமையோடு பேசும் தகுதி நமக்கு வந்துசேரும். ஸ்மித்தின் மருந்துக் கடைக்காக எழுந்து, லாகூர் நிறுவனத்தின் பெயர் தாங்கி, மக்களின் காப்பீட்டு நிதியோடு அரசுடைமையான அம்மாளிகையின் குவிமாடமும் கோபுரமும் நம் கலை மரபின் எதிரொலிகள். பட்டியலில் அதன் பெயர் எழுதப்பட்டுவிட்டது. அடுத்த மழைக்காலத்திற்குள் அதன் கூரையின்மீது யார் ஏறுவார் என்பதே இன்னும் எழுதப்படாத வரி.